கொழும்புக்கு ஏன் வந்தாய்?

2007 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7 ஆந் திகதி, பொழுது புலர்வதற்கு முன்னரே, கொழும்பு மாநகரில் தமிழர் தங்கியிருந்த லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. தட்டியவர் பொலிசார். கண் விழித்து எழுந்தோரிடம் கேட்கப்பட்டவற்றின் சாரம் ஒன்றே: கொழும்புக்கு ஏன் வந்தாய்? விடை கூறுவதற்கு அவகாசமும் இல்லை. கூறிய விடையைக் கேட்பதற்குச் செவியும் இல்லை. ஆண், பெண் என்ற பேதம் பாராது 376 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்கு மாகாணத்துக்கும் அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருந்தோர் என்பதே அதற்கு அதிகாரிகள் அளித்த விளக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு அச்செயலைத் தடுத்து நிறுத்தியது. சில தினங்களில் அந்நாட் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தமுந் தெரிவித்தார்.

வருத்தம் தெரிவிக்கப்பட்டதேயன்றி, கேட்ட கேள்வி திரும்பப் பெறப்படவில்லை. நகரத்து மேதாவிகளும், பிள்ளைகளைப் பிரிந்த ஊர்ப் பெரியோர்களும், அரசாங்கத்துத் திட்டமிடல் நிபுணர்களும் வெவ்வேறு குரலில் அதனையே இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இக்கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் லொட்ஜின் பாயிற் சுருண்டு கிடந்த ஏழை அல்லர் என்பது எமது கருத்து. ஆயினும் அன்று அவர்களைக் கூறவிடாத விடையை இன்று நாமேனும் கூறிப் பார்ப்போம்.

பட்டணத்தின் விளக்கொளியைக் கண்டு மயங்கி, விட்டிற் பூச்சி போல் இளைஞர் ஓடுகின்றனர் என்று கூறுவோர் உளர். அத்தகையோரை ஒரு நாள் மாலை யாழ்ப்பாணத்திற் கொழும்பு பஸ் புறப்படும் இடத்தருகே வந்து நிற்குமாறு வேண்டுகிறோம். ஒரு தாய் வைத்தியப் பரிசோதனைத் தாள்களைப் பொலித்தீன் உறையிற் சுற்றி மார்போடு அணைத்தவாறு நிற்கிறாள். ஓர் இளைஞன் நேர்முகப் பரீட்சைக்குச் செல்கிறான். அவன் பையில் ஒரு சட்டை, ஒரு சோடிச் சப்பாத்து, சான்றிதழ்களின் மும்மூன்று பிரதிகள். ஒரு முதியவர் வெளிநாட்டிலுள்ள மகளிடம் போவதற்கு விசா கேட்கத் தூதரகம் செல்கிறார். மற்றொருவருடைய ஓய்வூதியக் கோவை எங்கோ ஓர் அலுவலகத்தில் ஏழு மாதமாக அசையாது கிடக்கிறது. அதனை அசைப்பதற்காக அவரே அசைய வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் இரவிரவாக ஆசனத்திற் குந்தியிருந்து, விடியும் வேளையில் வெள்ளவத்தையில் இறங்கி, பொதுக் கழிப்பறையில் முகங் கழுவிக்கொண்டு அலுவலக வாசலிற் போய் நிற்கும் இம்மக்களில் விளக்கொளியைக் காண வந்தவர் எவர்?

இவர்களிற் பலர் அன்றிரவே திரும்புவர். சிலர் மூன்றாம் முறை, நான்காம் முறை வந்து அலுத்தபின், எதற்கு இந்த அலைச்சல் என்று ஓர் அறையை வாடகைக்கு எடுத்து விடுவர். கொழும்புக் குடியேற்றம் என்று நாம் கூறுவது பெரும்பாலும் இவ்வாறு திரும்பிப் போக முடியாமற் போன பிரயாணமேயாகும்.

இது நேற்று இன்று தோன்றியதன்று. ஆங்கிலேயர் 1875 ஆம் ஆண்டிற் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினர். 1885 இல் அவ்வேலை நிறைவுற்றது. அன்றே காலியின் கப்பற்றுறை மங்கத் தொடங்கிற்று. பாதைகளும் தண்டவாளங்களும் ஒரே இடத்தை நோக்கி இழுக்கப்பட்டன. 1905 ஆம் ஆண்டிற் புகையிரதம் யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு பிணைத்தது. ஆறில்லாத நாடு யாழ்ப்பாணம். கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ் செய்த குடியானவன், தலைமுறைக்குத் தலைமுறை துண்டாடப்பட்ட காணியை நம்பி நான்கு பிள்ளைகளை வளர்க்க இயலாது என்று கண்டான். மிசனரிமார் திறந்த பாடசாலைகளும், அவற்றுக்கு எதிராகச் சைவர் எழுப்பிய பாடசாலைகளும் ஆங்கிலத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தன. ஆங்கிலம் உத்தியோகம் தந்தது. உத்தியோகமோ ஊரில் இருக்கவில்லை. கொழும்பிலும், அதற்கப்பாற் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்தது.

எனவே இலிகிதர் கூட்டம் ஒன்று கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கியது. ஐந்தாறு பேர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனை அமர்த்தி நடத்திய அந்தச் “சமறி” வாழ்க்கையை அறிந்த முதியோர் சிலர் இன்றும் உளர். மாதக் கடைசியில் மணியோடர் ஊருக்குப் போகும். பள்ளி விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போவார். ஓய்வு பெற்றதும் ஒரேயடியாக ஊருக்குப் போய்க் கல்வீடு கட்டுவார். கொழும்பு அவருக்கு உழைப்பதற்குரிய இடம். வாழ்வதற்கும் சாவதற்கும் ஊர் இருந்தது. 1956 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் “யாழ்தேவி” ஓடத் தொடங்கியபோது அவ்வண்டி இரண்டு வாழ்க்கைகளையும் ஒன்றாகத் தைத்தது என்றே கூறலாம். அதே ஆண்டு ஜூன் மாதத்திற் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது.

வடக்கில் உழைப்பே இருக்கவில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. காங்கேசன்துறையிற் சீமெந்து ஆலை 1950 இல் எழுந்தது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது. ஆனையிறவில் உப்பு விளைந்தது. போர் அவற்றை விழுங்கிற்று. காங்கேசன்துறை ஆலையின் புகைபோக்கி 1990 இற்குப் பின் புகைந்ததில்லை. அவ்வாலையை நம்பியிருந்தவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே என்று கேட்டால், பாதி விடை வெள்ளவத்தையிலும் மீதி விடை கடல் கடந்தும் கிடக்கும்.

இனி, எவரும் நேர் நின்று கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்போம். 1958 ஆம் ஆண்டிற் கொழும்பிலே தமிழர் தாக்கப்பட்டு, உடுத்த துணியோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். 1977 இல் மீண்டும் அடிபட்டனர். 1983 ஜூலையில் நிகழ்ந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அன்றும் கப்பல்கள் வந்தன. மூன்று முறை எரித்து விரட்டிய நகரத்துக்கு மூன்று முறையும் இம்மக்கள் திரும்பிச் சென்றது ஏன்? மானம் இல்லாமலா? மறதியாலா?

வைக்கோற் போரில் இருந்து எழுந்து செல்லாத எருதைப் போலச் சுகத்துக்காகக் கிடந்தனர் என்று நம்மவரிலேயே சிலர் அன்று ஏளனஞ் செய்தனர். அவர்கள் ஒன்றை நோக்கவில்லை. 1958 இற் கப்பலில் வந்தவர் அரசாங்க ஊழியர். அவருடைய சம்பளப் பட்டியல் கொழும்பில் இருந்தது. 1983 இல் எரிந்த கடைக்குரிய நட்டஈட்டு மனுவைக் கொழும்பிலேயே கொடுக்க வேண்டியிருந்தது. கடன் கொடுத்த வங்கியின் தலைமைக் காரியாலயம், சரக்கை இறக்கும் துறைமுகம், வழக்கைக் கேட்கும் மேல் நீதிமன்றங்கள், பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்புவதற்குரிய தூதரகம் அனைத்தும் அங்கேயே இருந்தன. எரித்தவர்களும் அங்கே இருந்தனர், எரிந்ததற்கு மருந்து கொடுக்க வேண்டியவர்களும் அங்கே இருந்தனர். வேறு திசையிற் போவதற்கு வழி எங்கே?

போரின் கடைசி ஆண்டுகளில் இந்த அவலம் உச்சத்தை எட்டியது. 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வெளியே செல்வதற்குப் படையினரின் அனுமதிச் சீட்டும், கப்பலிலோ விமானத்திலோ ஓர் இடமும் வேண்டும். ஆட்கள் காணாமற் போய்க்கொண்டிருந்த காலம் அது. மகனை எப்படியாவது நாட்டை விட்டு அனுப்பி விட வேண்டும் என்ற நெருப்பை வயிற்றிற் கட்டிக்கொண்டு தாய்மார் கொழும்புக்கு வந்தனர். கொழும்பிலும் வெள்ளை வான் திரிந்தது. அதையும் அறிந்தே வந்தனர். லொட்ஜில் ஒரு கட்டில், பொலிஸ் நிலையத்தில் ஒரு பதிவு, தூதரகத்தின் பதில் வரும்வரை மாதக்கணக்கிற் காத்திருப்பு. 2007 ஜூன் 7 காலையிற் கதவைத் தட்டியவர்கள் கண்டது இம்மக்களைத்தான். இவர்களிடமே தகுந்த காரணம் இருக்கவில்லையாம்!

இக்கட்டுரையாளனும் அக்காலத்திற் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் அறை எடுத்து இருந்தவனே. பதிவுத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து வைத்து அதன் எழுத்து அழிந்து போயிற்று. எழுத்து அழிந்த துண்டு செல்லாது என்று ஒரு காவலரணிற் கூறினார்கள். புதிய துண்டு வேண்டுமாயின் வந்த காரணத்தை மீண்டும் எழுத வேண்டும். எழுதினோம்: “வேலை.” அந்த ஒரு சொல்லை எழுதுகையில், ஊரில் அச்சொல்லை எழுத ஓர் இடம் இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டோமே என்று தோன்றியது. அதற்கு மேல் அச்சம்பவத்திற் கூறுவதற்கு ஒன்றுமில்லை. எம்மினும் பன்மடங்கு துயருற்றோர் அடுத்த அறையில் இருந்தனர்.

இதுவரை கூறியது வடக்கின் கதை. தமிழர் கதை முழுவதும் அதுவே என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கத்துக்கு நாம் உடன்படோம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டையையும் சீனி மூட்டையையும் முதுகில் ஏற்றிச் செல்லும் நாட்டாமியிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். தலவாக்கலை என்பான், பொகவந்தலாவை என்பான், பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வான். சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் சிறுவன், புடைவைக் கடையிற் சேலையை விரித்துக் காட்டும் இளைஞன், கறுவாத்தோட்டத்து வீட்டிற் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெண் ஆகியோரும் அம்மலைகளில் இருந்து இறங்கி வந்தவர்களே.

இவர்களை ஈர்த்தது கொழும்பு என்பதைவிடத் தள்ளியது தோட்டம் என்பதே பொருந்தும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இவர்களது மூதாதையர் இந்நாட்டுக்கு நடத்தி வரப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. பிரஜாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமை கிடைத்தபின்னும் நிலம் கிடைக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா தோட்டத்துக்குரியது. தோட்டத்தில் வேலை செய்பவன் இருக்கும்வரையே அவனுக்குரியது. முற்றத்திற் கோழிக்கூடு ஒன்று கட்டுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும் என்ற நிலையில் வளர்ந்த பையன், படித்தபின் எதனை நம்பி அங்கே இருப்பான்? நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கிற் கூக்குரலாக ஒலித்து 2021 ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டே நாடு பொருளாதாரப் படுகுழியில் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபதை அண்டியது. ஆயிரம் ரூபாவின் பெறுமதி கொழுந்துக் கூடையின் அடிவழியே ஒழுகிப் போயிற்று.

பையன் புறக்கோட்டைக்கு வருகிறான். இரவிற் கடையின் தட்டியை இறக்கிவிட்டு உள்ளேயே படுக்கிறான். பல கடைகளிற் சம்பளத்தின் பெரும் பகுதி முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். தீபாவளிக்கு ஊர் போகையிற் கைக்கு வரும். முதலாளி பெரும்பாலும் நம்மவரே. தமிழ் பேசுகிறவரே. இதனைத் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுவது உவப்பான காரியமன்று. ஆயினும் எழுதாமலிருப்பது அதனினும் இழிவு. 2021 ஆம் ஆண்டில் மலையகச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற காலத்திற் தீக்காயமுற்று மாண்டபோது நாடே குமுறியது. குமுறலிற் பங்குகொண்ட தமிழ் வீடுகள் எத்தனையில், அதே வேளையில், அதே மலைகளிலிருந்து வந்த மற்றொரு பெண் அடுப்படியில் நின்றாள்?

அந்தப் பையனிடம் மீண்டும் லயத்துக்குப் போகிறாயா என்று கேட்டால், மாட்டேன் என்றே கூறுவான். கடையிற் படுத்தாலும் காலையிற் பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடமாட்டார்கள் என்பான். இந்த விடையை நாம் ஊன்றிக் கேட்க வேண்டும். நகரம் அவனுக்குச் சுகத்தைத் தரவில்லை. ஆயினும் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. தோட்டத்திற் பாட்டனுக்கும் தந்தைக்கும் அது இருந்ததில்லை.

இதே கோணத்திலிருந்து நமது ஊர்களையும் பார்ப்போமாக. மண்ணின் மணத்தையும் பனையின் நிழலையும் பாடுவோர், அந்நிழலில் எல்லாரும் நிற்க விடப்பட்டனரா என்பதைப் பாடுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒருசாராருக்கு வேறு பேணி வைத்திருந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தபின்னும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் கும்பிடப் போனவர்கள் தடுக்கப்பட்டனர். அத்தகைய ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த இளைஞன் ஒருவன், எவர் மகன், எந்தப் பகுதி என்று எவரும் கேளாமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் குடிக்கும் குவளையிலேயே தேநீர் குடித்த அந்த முதல் நாளை அவனால் மறக்க இயலுமா? அவனைப் பார்த்து, நீ ஏன் ஊரை விட்டுப் போனாய் என்று கேட்பதற்கு நமக்கு என்ன தகுதி? பேணிகள் இன்று ஒன்றாகிவிட்டன. கலியாணப் பேச்சிலும் கோயில் நிர்வாக சபையிலும் என்ன ஒன்றாகியது என்பதை வாசகர் அறிவர்.

பெண்களின் செய்தியும் இதனை ஒத்ததே. போரிலே கணவனை இழந்து, முப்பது வயதில் வெள்ளைச் சேலையும் ஊரார் கண்ணுமாக ஒடுங்கியிருக்க மறுத்தவள், தொழிற்சாலைக்கோ கடைக்கோ நகரத்தை நோக்கிப் போனாள். அவளை அவதூறு பேசியோர் ஒரு தையல் இயந்திரமும் வாங்கிக் கொடுத்தவரல்லர்.

சிங்கள மக்களும் இவ்வாறே கொழும்பை நோக்கி இழுக்கப்படுகின்றனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1978 இற் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் திறக்கப்பட்டது முதல் மொனறாகலையிலும் அனுராதபுரத்திலும் பிறந்த பெண்கள் ஓர் அறைக்கு ஆறு பேராக விடுதிகளில் அடைந்து கிடந்து உழைக்கின்றனர். மேல் மாகாணத்தின் பரப்பு 3,684 சதுர கிலோமீற்றர். நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஆறு பங்கும் தேறாது. 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே வாழ்ந்தோர் 58 இலட்சத்துக்கு மேல், அதாவது நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்கு மேல். மத்திய வங்கியின் மாகாணக் கணக்குகளைப் புரட்டினால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அம்மாகாணத்துக்கே உரியது. வட மாகாணத்தின் பங்கோ நூற்றுக்கு ஐந்தை அண்டி நிற்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் 1981 இல் 7,38,788 பேர் இருந்தனர். 2012 இல் 5,83,882 பேர். உலகெங்கும் மக்கள்தொகை ஏறிய முப்பது ஆண்டுகளில் இங்கே ஒன்றரை இலட்சம் பேர் குறைந்தனர்.

ஆகவே மொனறாகலைப் பெண்ணும் முல்லைத்தீவுப் பெண்ணும் ஒரே காரணத்தால் வீட்டை விட்டு வருகின்றனர். நாட்டின் முத்திரை முழுவதும் ஒரு நகரத்தின் மேசை இழுப்பறையிற் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அக்காரணம். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. மொனறாகலைப் பெண் வந்த காரணத்தைப் பொலிசில் எழுதிக் கொடுத்ததில்லை. 2008 செப்டெம்பரில், ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் அனைவரும் தம்மைப் பதிய வேண்டும் என்று கட்டளை பிறந்தபோது வரிசையில் நின்றவள் மற்றவளே.

இதற்கு மருந்து அறியப்படாததன்று. 1957 ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை பிரதேச சபைகளைப் பற்றிப் பேசியது. விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம் ஆகியன அச்சபைகளின் கைக்கு வருவதாக இருந்தன. 1958 சித்திரையில் அது கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதம் கப்பல்கள் வந்தன. 1987 இற் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. காணியும் பொலிசும் எழுத்தில் மட்டும் தரப்பட்டன. வட மாகாணத்துக்குத் தனிச் சபை 2013 இல் தெரிவு செய்யப்பட்டது. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டு மேல் ஆண்டாகத் தேர்தல் இன்றி ஆளுநர் ஆட்சியே நடந்தது. அதற்காக நமது தலைவர்கள் எத்தனை நாள் வீதியில் இறங்கினர்? மண்ணை விட்டு அகலாதீர் என்று மேடையில் முழங்கும் பெருமக்களிற் பலருக்கு வெள்ளவத்தையில் மாடி வீடும், பிள்ளைகளுக்கு இலண்டனிற் படிப்பும் உண்டு. அதனை நாம் குற்றமாகக் கூறவில்லை; அவர்களும் முத்திரை இருக்கும் இடத்தைத் தேடியே போயினர். மற்றவர் போகக் கூடாது என்று கூறும்போதுதான் நகைப்பு வருகிறது.

முத்திரை இடம் பெயர்ந்தால் மக்களும் நிற்பர் என்பதற்குச் சான்று உண்டு. 1974 இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. அதுவரை பேராதனைக்கும் கொழும்புக்கும் போக வேண்டியிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் திருநெல்வேலியிலேயே படித்தனர். புற்றுநோய் என்றால் மகரகமைக்கு மூட்டை கட்டுவதே விதி என்றிருந்த நிலை, தெல்லிப்பழையில் வைத்தியசாலை எழுந்ததும் தளர்ந்தது. அதற்கான நிதி அரசாங்கத் திறைசேரியின் பெருங்கொடையாக வந்ததன்று. 2011 ஆம் ஆண்டிற் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நாடெங்கும் கால் நடையாக நடந்த சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் திரட்டியது. சாமானிய மக்கள் நடந்து செய்த காரியத்தை, வாகனத்திற் செல்லும் அமைச்சர்களாற் செய்ய இயலவில்லை.

கடைசியாக மற்றொன்று. கடவுச்சீட்டு வேண்டின், யாழ்ப்பாணத்தான் ஒரு காலத்திற் கொழும்புக்கே போக வேண்டும். பின்னர் வவுனியாவில் ஓர் அலுவலகம் வந்தது. 2025 செப்டெம்பர் முதலாந் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே ஒரு கிளை திறக்கப்பட்டது. இனி அந்த ஒன்றுக்காக இரவு பஸ் பிடிக்க வேண்டியதில்லை. வடமராட்சியாள் காலையில் வந்து, வரிசையில் நின்று, கைவிரல் அடையாளம் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நல்ல காரியமே, வரவேற்கிறோம். ஆனால் அந்த வரிசையிற் கூட்டம் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. அவர்கள் கையில் வாங்கிச் செல்வது கொழும்பையும் தாண்டிப் போவதற்கான சீட்டு. அவ்விளைஞரிடம், ஏன் போகிறாய் என்று கேட்பதற்கு இம்முறை எந்தப் பொலிசாரும் கதவைத் தட்டப் போவதில்லை.